தாத்தாவின் மாரிஸ் மைனரும் மின் காற்றாடியும்



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பு, பிறப்புப் பத்திரம், சேமநிதிப் பாரம் என்றுதான் இருக்கும். காரைப் பற்றி வாத்தியாரிடம் கேட்பவர்கள் அபூர்வம். சென்ற மாதம் கோலசிலாங்கூர் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். நான்கு பக்கக் கடிதம். முதல் மூன்று பக்கம் கார், கடைசிப் பக்கம் அக்காவின் கல்யாணம். இரண்டும் ஒரே விஷயந்தான் என்பது படித்து முடித்த பிறகுதான் விளங்கிற்று.

தம்பியின் தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருந்தவர். அவர் ஓட்டிய மாரிஸ் மைனர் 1000 இன்னும் வீட்டில் இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் உடைக்கப்பட்டு, குடும்பம் தாமான் வீட்டுக்கு வந்தபோது, தாத்தாவின் பெயர் சொல்ல மிஞ்சியது அந்தக் கார் ஒன்றுதான். பாட்டி இருக்கிறார். பேத்தி அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. கோயில் ஒரு மைல் தூரம். மேளம் முன்னே போக, கார் பின்னால் ஊர்ந்து வர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை வேகத்தில் வெள்ளோட்டம் பார்த்திருக்கிறார்கள். பாதி வழியில் ஆவி கிளம்பி, தண்ணீர் கொட்டி, வண்டி நின்றுவிட்டது.

பட்டணத்துப் பட்டறை ஒன்றில், எஞ்சினையே இறக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகை கேட்டார்களாம். அது கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தில் கை வைக்கிற தொகை. சித்தப்பா ஒருவர், "பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடு" என்கிறார். மாமா ஒருவர், "மின் காற்றாடி ஒன்று மாட்டு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். "சார், யார் சொல்வது சரி?" என்பது தம்பியின் கேள்வி.

நான் மெக்கானிக் அல்ல. என் தகப்பனார் தோட்டத்து லாரி ஓட்டியவர். நான் பள்ளியில் விஞ்ஞானம் போதிக்கிறவன். அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் இருக்கிறார். ரப்பர் மில், டிராக்டர், லாரி என்று நாற்பது ஆண்டு எஞ்சின்களோடு குடித்தனம் நடத்தியவர். அவரை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, நிக்கிறப்ப கொதிக்குதா, ஓடுறப்ப கொதிக்குதா?"

"ஓடுறப்ப ஒண்ணும் இல்ல மாமா. ரவாங் வரைக்கும் போயிட்டு வந்தேன், முள்ளு அசையல. சிக்னல்ல நின்னாத்தான், ஜாம்ல மாட்டுனாத்தான்."

"அப்ப எஞ்சின் நல்லா இருக்கு. இறக்க வேணாம்."

இந்த ஒரு கேள்வியைப் பட்டறைக்காரர் கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் ஒரு மாதம் தூங்காமல் இருந்திருக்காது. பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மீதிப் பங்கைத் தண்ணீர் சுமக்க வேண்டும். எஞ்சினைச் சுற்றி வந்த சுடு தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றுப் பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற காருக்குக் காற்றாடியே வேண்டியதில்லை. நிற்கும்போதும் ஊரும்போதும்தான் அது வேண்டும்.

வேடிக்கை இங்கேதான். பழைய காரில் காற்றாடி எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, அதாவது தேவையில்லாதபோது, பலமாக வீசும். சிக்னலில் நின்று 600, 700 சுற்றுக்கு இறங்கும்போது, தேவைப்படும் நேரத்தில், சோம்பலாகச் சுழலும். சம்பள நாளில் சுறுசுறுப்பாகவும் மற்ற நாளில் மந்தமாகவும் இருக்கிற ஆளைப் போல. மாரிஸ் மைனர் இங்கிலாந்துக் குளிருக்குப் பிறந்த வண்டி. அங்கே இந்தக் குறை பெரிதாகத் தெரிந்திருக்காது. நம் ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்கு 33, 34 டிகிரி வெயிலில், தார்ச் சாலையின் அனல் மேலே எழும்பும்போது, ஜாமில் நின்றால் தெரியத்தான் செய்யும். மின் காற்றாடி எஞ்சின் வேகத்தைப் பார்ப்பதில்லை. பேட்டரியிலிருந்து கரண்டு எடுத்து, நின்றாலும் ஓடினாலும் ஒரே வேகத்தில் சுற்றும். அதனால்தான் அது நிற்கும்போது கொதிக்கிற வண்டிக்கு மருந்து.

ஓடும்போது கொதிக்கிற வண்டிக்கு அது மருந்து அல்ல. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அடித்தும் சூடு தணியவில்லை என்றால் குற்றம் காற்றில் இல்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது தண்ணீர்ப் பம்பு தேய்ந்திருக்கும், அல்லது தீப்பொறி நேரம் பிந்தியிருக்கும், அல்லது ஹெட் காஸ்கெட் போயிருக்கும். மலை ஏறும்போது கொதிப்பதும் இந்த வகைதான். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறும்போது எஞ்சின் வேகமாகத்தான் சுற்றுகிறது. பெல்ட் காற்றாடியும் பலமாகத்தான் வீசுகிறது. அப்போதும் கொதித்தால் மின் காற்றாடி மாட்டி என்ன பயன்? மாமாக்கள் சொல்வதைக் கேட்டுக் காற்றாடியை வாங்கிவிட்டு, பிறகு ரேடியேட்டரையும் மாற்றிக்கொண்டு, காற்றாடியால் குணமானது என்று ஊரெல்லாம் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தத் தம்பியின் காருக்கு வருவோம். கல்யாணக் காருக்கு மின் காற்றாடி பொருத்தம் என்று அண்ணன் சொன்னாலும், அன்றைக்கே மாட்டச் சொல்லவில்லை. "மொதல்ல இருக்கிறத ஒழுங்கு பண்ணுவோம்" என்றார். பார்த்தால் ரேடியேட்டரின் முன்பக்கம் முழுவதும் செத்த பூச்சியும் லாலான் பஞ்சும் அப்பிக்கிடந்தது. பெல்ட் தளர்ந்திருந்தது, அது நழுவினால் காற்றாடி, பம்பு, டைனமோ மூன்றும் சேர்ந்து சோம்பும். உள்ளே இருந்த தண்ணீர் கடுங்காப்பி நிறம். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, கீழ்வாய் வழியாக ரப்பர்க் குழாயால் தண்ணீர் விட்டோம். வந்த துருவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அரை வாளி செம்மண். வெறும் பைப் தண்ணீரையே காலமெல்லாம் ஊற்றினால் இதுதான் கதி. நம் ஊரில் உறைபனி கிடையாது, கூலண்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருப் பிடிக்காமல் இருக்க என்பதே பதில். கொதிநிலையையும் அது சில டிகிரி உயர்த்தித் தரும்.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். அது குக்கரின் வெயிட் போன்றது. இதைத் தம்பியிடம் விளக்கியபோது அவருக்குப் புரிவதற்கு முன்பே அவர் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சமையல் குக்கர் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தருவதால் உள்ளே சுமார் 120 டிகிரி வரை போகும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. இந்தக் கார் மூடியின் அழுத்தம் 7 பவுண்டு. அது ஒழுங்காக இருந்தால் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் செத்து, ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் அந்த 11 டிகிரியும் போச்சு. 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் கேமரன் மலையில் மூடி கெட்டிருந்தால் இன்னும் மோசம்; அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி மலிவான பொருள். அதே அழுத்தமுள்ள புதிய மூடியை வாங்கிப் போடச் சொன்னோம். கூடுதல் அழுத்தமுள்ளதைப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று தம்பி கேட்டார். வேண்டாம், பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று தாங்காது.

மூடியைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் லாரி டிரைவர் ஒருவர் அவசரத்தில் துணியைப் போட்டுத் திருகினார். அழுத்தம் விடுபட்டதும் உள்ளிருந்த தண்ணீர் முழுவதும் ஒரே நொடியில் கொதித்து எழுந்தது. முழங்கையிலிருந்து கழுத்து வரை தோல் உரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பற்பசையைப் பூசினார்கள். இன்னொருவர் கீச்சாப்பைக் கொண்டுவந்தார். இரண்டும் தவறு. வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கார் கொதித்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, அரைமணி நேரமாவது மரத்தடியில் உட்காருங்கள். எந்த முகூர்த்தமும் அதற்காகத் தப்பிப் போகாது.

இவ்வளவும் செய்தபின், வண்டியை வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். முன்பு பத்து நிமிடத்தில் கொதித்தது இப்போது இருபத்தைந்து நிமிடம் தாங்கிற்று. ஆனால் முள் ஏறிக்கொண்டேதான் இருந்தது. மேளக்காரர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வாசித்தால் ஊர்வலம் அதற்கு மேல் ஆகும். "இப்பத்தான் காத்தாடிக்கு வேலை வந்திருக்கு" என்றார் அண்ணன்.

மின் காற்றாடியை ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம், காற்றை இழுக்கும்படி வைப்பதே மேல். முன்னால் வைத்துத் தள்ளவும் செய்யலாம். ஆனால் வேகமாக ஓடும்போது காற்றாடியும் மோட்டாரும் எதிர்க்காற்றை மறைக்கும். மைனரில் பின்பக்கம் இடம் குறைவு. பம்பின் முகப்பில் இருக்கும் பழைய காற்றாடியைக் கழற்றினால்தான் மெல்லிய மின் காற்றாடி ஒன்று நுழையும். அளக்காமல் வாங்காதீர்கள். ரேடியேட்டருக்கும் பம்புக் கப்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து, அதில் ஓர் அங்குலத்தைக் கழித்து, மிச்சத்துக்கு ஏற்ற தடிமனில் வாங்குங்கள். திடீரென்று பிரேக் போட்டால் எஞ்சின் முன்பக்கமாகக் கொஞ்சம் அசையும். அதற்குத்தான் அந்த ஓர் அங்குலம். பழைய காற்றாடியைக் கழற்றிய பிறகு அதே நாலு போல்ட்டுகளை அப்படியே முடுக்கக் கூடாது. காற்றாடித் தகட்டின் தடிமன் போய்விட்டதால் போல்ட் நீண்டு உள்ளே முட்டும். குட்டைப் போல்ட் போட வேண்டும், அல்லது வாஷர் வைக்க வேண்டும்.

கடையில் காற்றாடியோடு மெல்லிய பிளாஸ்டிக் ஊசிகள் தருவார்கள். ரேடியேட்டரின் இதழ்களுக்கு நடுவே குத்தி நுழைத்துக் கட்டும் ஏற்பாடு. ஐந்து நிமிட வேலை. ஆனால் மேட்டிலும் பள்ளத்திலும் ஆடி ஆடி, சில மாதத்தில் குழாயைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். அண்ணன் அதைத் தொடவே இல்லை. ரேடியேட்டரின் இரு பக்கச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளில் பிடிக்கும்படி இரண்டு இரும்புப் பட்டைகளை வளைத்து, அதில் காற்றாடியைப் பொருத்தினார். காரின் உடம்பில் ஒரு துளைகூடப் போடவில்லை.

இனி கரண்டு விஷயம். இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

இந்தக் கால வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனை உடம்போடு சேர்ந்திருக்கும். பழைய மாரிஸ் மைனரில் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். இது தெரியாமல், சிவப்பு வயரைக் கரண்டு வரும் பக்கமும் கறுப்பு வயரை உடம்பிலும் வழக்கம்போல் மாட்டினால் காற்றாடி சுற்றும். ஆனால் தலைகீழாகச் சுற்றும். முன்னாலிருந்து காற்றை இழுப்பதற்குப் பதிலாக எஞ்சின் அனலை ரேடியேட்டர் மேல் ஊதும். சுற்றுகிறதே என்று நம்பி ஓட்டினால் முன்னைவிடச் சீக்கிரம் கொதிக்கும். வயரை மாற்றி மாட்டினால் போதும். சோதித்துப் பார்க்க மீட்டர் வேண்டாம். ஒரு தாள் பத்திரிகையை ரேடியேட்டரின் முன்னால் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்து வந்தால் தவறு. அங்கிருந்த சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்துவிட்டது. பத்து முறையாவது செய்து பார்த்தார்கள்.

காற்றாடி மோட்டார் எட்டுப் பத்து ஆம்பியர் கரண்டு குடிக்கும். கிளம்பும் நொடியில் அதைவிடக் கூடுதல். அவ்வளவு கரண்டைச் சின்ன சுவிட்ச் வழியாக அனுப்பினால் சுவிட்ச் கருகும். நடுவில் ரிலே ஒன்று வேண்டும். அதில் நாலு கால்களுக்கும் எண் இருக்கும். 30 என்ற காலுக்குப் பேட்டரியிலிருந்து கரண்டு. நடுவே, பேட்டரிக்கு அருகிலேயே, 15 அல்லது 20 ஆம்பியர் பியூஸ். 87 என்ற காலிலிருந்து காற்றாடிக்கு. 86க்குச் சாவியைத் திருப்பினால் வரும் கரண்டு. 85 சூட்டு சுவிட்ச் வழியாக உடம்புக்கு. பெரிய கரண்டு ஓடும் வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பியூஸ் இல்லாமல் மாட்டுவது வீட்டுக்குள் அடுப்பை அணைக்காமல் வெளியூர் போவதைப் போல. சிலர் சாவியை எடுத்த பிறகும் காற்றாடி ஓடும்படி மாட்டுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எனக்கு அது சம்மதமில்லை. நின்றிருக்கும் வண்டியின் பானெட்டைத் திறந்து கை வைக்கும்போது காற்றாடி தானாகக் கிளம்பினால் விரல் போய்விடும்.

சூட்டு சுவிட்ச் மேல் ஹோஸில், எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும். எந்தச் சூட்டில் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு உள்ளே இருக்கும் தெர்மோஸ்டேட்டைப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டேட் 82 டிகிரியில் திறந்தால் காற்றாடி 92 வாக்கில் கிளம்பி 87 வாக்கில் நிற்கட்டும். அதற்குக் கீழே வைத்தால் காற்றாடி நாள் முழுவதும் ஓடிப் பேட்டரியைத் தின்னும். நம் நாட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. கார் கொஞ்சம் சூடானதும், "தெர்மோஸ்டேட்டைக் கழற்றிப் போடு, குளிர் நாட்டுக்குத்தான் அது" என்பார்கள். தம்பியின் காரிலும் அது இல்லை. எப்போதோ யாரோ கழற்றியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரம் எடுக்கும், பெட்ரோல் கூடச் செலவாகும், எண்ணெய் சேறாகும். வெப்ப நாட்டுக்கென்று 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டேட்டே உண்டு. அதை வாங்கிப் போட்டு, காற்றாடி சுவிட்சை அதற்கேற்ப 85க்கு வைத்தார் அண்ணன். கூடவே டேஷ்போர்டுக்கு அடியில் கையால் போடும் சுவிட்ச் ஒன்றும் சின்ன விளக்கும் வைத்தார். ஊர்வலம் கிளம்பும்போதே, சூடு ஏறும் வரை காத்திராமல், காற்றாடியைப் போட்டுவிடலாம் அல்லவா?

இனி கரண்டுக் கணக்கு. நாலாம் வகுப்புக் கணக்குதான், பயப்படாதீர்கள். மைனரின் டைனமோ வகையைப் பொறுத்து 19 அல்லது 22 ஆம்பியர் தரும். அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. சும்மா ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. சிவப்பு விளக்கு எரிவது அதற்குத்தான். இரவில் மழையில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். முன்விளக்கு இரண்டும் சுமார் 7.5 ஆம்பியர், மற்ற விளக்குகள் 2, தீப்பொறிக்கு 3.5, வைப்பருக்கு 3, காற்றாடிக்கு 8. கூட்டினால் 24. வரவு 22, செலவு 24. மாதக் கடைசியில் நம் வீடுகளில் நடப்பதுதான் பேட்டரிக்கும் நடக்கும்.

ஆனால் கல்யாண ஊர்வலம் பகலில். விளக்கு இல்லை, மழை இல்லை என்று வேண்டிக்கொள்வோம். தீப்பொறியும் காற்றாடியும் சேர்ந்து 11.5 ஆம்பியர். 40 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பழைய பேட்டரி அதில் பாதி தாங்கினால் பெரிது. அரைமணி, முக்கால்மணி ஊர்வலத்துக்கு அது போதும். முதல் நாள் இரவே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டால் டைனமோவை மாற்ற வேண்டியதில்லை என்று தம்பிக்குச் சொன்னோம். தினமும் வேலைக்கு, அதுவும் இரவில் ஓட்டுவதாக இருந்தால் என் பதில் வேறு. அப்போது 34, 36 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டர் மாட்டத்தான் வேண்டும். அதோடு உடம்பையும் நெகட்டிவுக்கு மாற்ற வேண்டும். காயிலின் வயர்களை இடம் மாற்ற வேண்டும். ரேடியோ இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். காற்றாடியைவிட அதற்குத்தான் செலவு கூட. கல்யாணத்துக்கு முன் அது தேவையில்லாத செலவு.

மின் காற்றாடி மாட்டினால் பெட்ரோல் மிச்சமாகும், வண்டி பறக்கும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். பெல்ட் காற்றாடி எஞ்சினின் பலத்தில் கொஞ்சம் தின்பது உண்மை. 948 சிசி மைனருக்கு மொத்தமே 37 குதிரைச் சக்திதான்; அதில் சிறிது மிஞ்சினால் மேட்டில் லேசாகத் தெரியும். அதற்காக மட்டும் யாரும் காசு செலவழிக்க வேண்டாம்.

எல்லாம் மாட்டி, மறுபடி வாசலில் எஞ்சினை ஓடவிட்டோம். நாற்பது நிமிடம். பகல் ஒரு மணி வெயில். காற்றாடி போடும், நிற்கும், போடும், நிற்கும். முள் நடுவைத் தாண்டவில்லை. பாட்டி நாற்காலியைக் கொண்டுவந்து கார் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். "அந்த நாள்ல பேறுகாலத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் இந்தக் காருதான் போகும், வாத்தியாரையா. ஒரு நாளும் நடுவழியில நின்னதில்ல" என்றார். அந்தத் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் இந்தக் காரின் சத்தத்தோடு பிறந்தார்களோ! மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், முதல் மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று அதை நீளவாட்டில் அறுத்து நாலு அங்குலம் அகலப்படுத்தினார் என்பார்கள். அந்த நாலு அங்குலத்தில் எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள் வசதியாகச் சாய்ந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கைமார்களுக்கும் ஒரு சொல். கல்யாணக் காரைப் பூவால் மூடுகிற வழக்கம் இருக்கிறது. பானெட்டின் மேலும் கதவிலும் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுங்கள். முன்னால் இருக்கும் கம்பிச் சட்டத்தின் மேல் மாலையைத் தொங்கவிடாதீர்கள். அதுதான் காரின் மூக்கு. அதை அடைத்துவிட்டால் எந்தக் காற்றாடியும் உதவாது. உதிர்ந்த சாமந்தி இதழ்களைக் காற்றாடி உள்ளே இழுத்து ரேடியேட்டர் முழுவதும் அப்பிக்கொள்ளும்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. கழற்றிய பழைய காற்றாடியைத் தம்பி குப்பையில் போடப் போனார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அதை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் பூசி, பழைய சாரத்துணியில் சுற்றி, நாலு போல்ட்டுகளையும் ஒரு மில்க்மெய்டு டின்னில் போட்டு, இரண்டையும் ஸ்டோர் அறைப் பரணில் வைக்கச் சொன்னார். மின் மோட்டார் ஒரு நாள் எரியலாம். வண்டியைத் தாத்தா வைத்திருந்தபடியே வைக்க வேண்டும் என்று பின்னால் வருகிற பிள்ளை ஒன்று ஆசைப்படலாம். அப்போது அரைமணி நேர வேலை, 7/16 அங்குல ஸ்பானர் ஒன்று, அந்த டின். டின்னின் மேல் என்ன இருக்கிறது என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியாகிவிட்டது.